பரம்பரை நோய்க்கு எந்த மரபணுச் சோதனை? தனி மரபணு, பேனல், எக்ஸோம், முழு ஜீனோம்: ஓர் ஒப்பீடு

குழந்தையின் நோய் பரம்பரையானதாக இருக்கலாம் என்று ஐயுற்று மருத்துவர் மரபணுச் சோதனைக்கு எழுதிக் கொடுத்ததும், பெற்றோரின் கைக்கு வரும் விலைப்பட்டியலில் பெரும்பாலும் நான்கு வகைகள் இருக்கும். ஒரே ஒரு மரபணுவை மட்டும் பார்ப்பது, குறிப்பிட்ட சில மரபணுக்களைத் தொகுத்துப் பார்க்கும் பேனல், புரதத்துக்கான குறியீடு உள்ள பகுதிகள் (எக்ஸான்கள்) அனைத்தையும் படிக்கும் எக்ஸோம், எதையும் விட்டுவைக்காமல் படிக்க முயலும் முழு ஜீனோம். "எப்படியும் செலவு செய்யத்தான் போகிறோம், பெரியதையே எடுத்துவிடலாமா?" என்று பெற்றோரும், "எக்ஸோமில் ஒன்றும் வரவில்லை, ஜீனோமுக்குப் போகலாமா?" என்று இளம் மருத்துவர்களும் கேட்பது, இத்தரவுகளைக் கணினியில் அலசும் வேலையில் இருக்கும் எனக்கு மிகவும் பழகிய கேள்விகள். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சோதனையின் அளவைவிட, எவ்வகைச் சடுதிமாற்றத்தைத் தேடுகிறோம் என்பதும், தாய் தந்தை இருவரின் இரத்த மாதிரியும் குழந்தையினுடையதோடு சேர்ந்து செல்கிறதா என்பதும்தான் விடை கிடைப்பதைப் பெரிதும் தீர்மானிக்கின்றன.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், தேடும் சடுதிமாற்றத்தின் வகை. சுமார் 300 கோடி எழுத்துகள் கொண்ட நம் டி.என்.ஏ. தொடரில் ஓர் எழுத்து மாறியிருக்கலாம். சில எழுத்துகள் விடுபட்டிருக்கலாம். ஒரு மரபணுவின் பாதியே காணாமல் போயிருக்கலாம். மூன்றெழுத்துத் துண்டு ஒன்று நூற்றுக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வந்திருக்கலாம் (மீள்தொடர்). இன்று பரவலாகப் பயன்படும் கருவிகள் டி.என்.ஏ.வைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டிலும் சுமார் 150 எழுத்துகளைப் படிக்கின்றன. அந்தத் துண்டு, ஒப்பிடுவதற்கென வைத்திருக்கும் மனித ஜீனோமின் மாதிரித் தொடரில் எந்த இடத்தைச் சேர்ந்தது என்பதைக் கணினி பொருத்திப் பார்க்கிறது. ஆகவே 150 எழுத்தைவிட நீண்ட மாற்றமும், ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு இடங்களில் எதைச் சேர்ந்தது என்று சொல்ல முடியாத துண்டும் இந்த முறைக்கு இயல்பாகவே கடினமானவை. கீழே வரும் குறைகளில் பெரும்பாலானவை இந்த ஓர் உண்மையிலிருந்து பிறப்பவை.

அடுத்தது, நோய்க்குறிகள் ஒரு நோயைத் தெளிவாகச் சுட்டுகின்றனவா, பல நோய்களுக்குப் பொதுவானவையா என்பது. மூன்றாவது காலம்: சிகிச்சையோ அடுத்த கர்ப்பமோ காத்திருக்கும்போது வாரங்களுக்குக் கூட மதிப்பு உண்டு. நான்காவது, பட்டியலில் எழுதப்படாத செலவுகளையும் சேர்த்த முழுச் செலவு. ஐந்தாவது, இன்று விடை வராவிட்டால் அதே தரவை நாளை மீண்டும் திறக்க முடியுமா என்பது. ஆறாவது, தேடாத தகவலும் உறுதியற்ற தகவலும் எவ்வளவு வந்து சேரும் என்பது.

| | தனி மரபணு | பேனல் | எக்ஸோம் | முழு ஜீனோம் |
|---|---|---|---|---|
| பரப்பு | ஒரு மரபணு அல்லது அதன் ஒரு பகுதி | சில பத்து முதல் சில நூறு மரபணுக்கள் | சுமார் 20,000 மரபணுக்களின் எக்ஸான்கள். ஜீனோமில் 1 முதல் 2 விழுக்காடு | ஏறக்குறைய முழுவதும் |
| ஒவ்வோர் இடமும் படிக்கப்படும் சராசரித் தடவை | முறையைப் பொறுத்தது | பல நூறு | சுமார் 100 | சுமார் 30 |
| வலிமை | பெரிய நீக்கம், மீள்தொடர், போலி மரபணு (செயலற்ற ஒத்த நகல்) உள்ள இடங்கள் | அறியப்பட்ட இடங்களை ஆழமாகப் படித்தல் | தெளிவற்ற நோய்க்குறிகள் | கட்டமைப்பு மாற்றங்கள் (பெரிய துண்டுகள் நீங்குவது, இடம் மாறுவது), எக்ஸானுக்கு வெளியே உள்ளவை |
| மறுஆய்வு | இல்லை | குறைவு | நன்று | மிக நன்று |
| உறுதியற்ற முடிவுகள் | மிகக் குறைவு | மிதம் | அதிகம் | மிக அதிகம் |

## தனி மரபணுச் சோதனை

பழையது என்று இதை ஒதுக்குவது சரியன்று. சில நோய்களுக்கு இதுவே முதல் சோதனையாகவும், பல வேளைகளில் ஒரே சோதனையாகவும் இருக்க வேண்டும்.

முதுகுத்தண்டுத் தசைச்சிதைவு எனப்படும் எஸ்.எம்.ஏ. நோயை எடுத்துக்கொள்வோம். நோயுற்றோரில் சுமார் 95 விழுக்காட்டினருக்கு எஸ்.எம்.என்.1 மரபணுவின் ஏழாம் எக்ஸான், தாய் தந்தையிடமிருந்து வந்த இரு பிரதிகளிலும் இருப்பதில்லை. ஆனால் அதன் அருகிலேயே எஸ்.எம்.என்.2 என்ற, கிட்டத்தட்ட எழுத்துக்கு எழுத்து ஒத்த இன்னொரு மரபணு இருக்கிறது. எஸ்.எம்.என்.2-இலிருந்து வந்த 150 எழுத்துத் துண்டைக் கணினி எஸ்.எம்.என்.1-இன் இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட வாய்ப்புண்டு; அப்போது இல்லாத மரபணு இருப்பதுபோல் தோன்றும். இதற்கென்று தனியாக எழுதப்பட்ட நிரல் இல்லாத எக்ஸோம் ஆய்வில் நோய் அப்படியே தப்பிவிடலாம். பிரதிகளை எண்ணும் எம்.எல்.பி.ஏ. சோதனையோ எக்ஸோமைவிடக் குறைந்த செலவில், குறைந்த நாள்களில் இதைச் சொல்லிவிடும். இந்நோய்க்கான மரபணுச் சிகிச்சைக்கு 2019-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தபோது அது இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கே என்று வரையறுக்கப்பட்டது என்பதை நினைத்தால், தவறான சோதனையில் இழக்கும் வாரங்களின் விலை புரியும்.

டுஷேன் தசைச்சிதைவும் இப்படித்தான். டி.எம்.டி. மரபணுவின் 79 எக்ஸான்களில் ஒன்றோ பலவோ விடுபட்டிருப்பதே ஏறத்தாழ மூன்றில் இரு பங்குச் சிறுவர்களின் நோய்க்குக் காரணம். ஃப்ராஜைல் எக்ஸ் நோயில் சி.ஜி.ஜி. என்ற மூன்றெழுத்து 200 முறைக்கு மேல் மீள்கிறது. ஃப்ரீட்ரைக் அட்டாக்ஸியா என்ற நரம்பு நோயில் ஜி.ஏ.ஏ. மீள்தொடர் ஓர் இன்ட்ரானுக்குள் (எக்ஸான்களுக்கு இடையே உள்ள பகுதிக்குள்) நீள்கிறது. இவ்விரண்டையும் வழக்கமான எக்ஸோம் காணாது. பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சிக்குக் காரணமான மரபணுவுக்கு அருகில் போலி மரபணு ஒன்று இருப்பதால் அதற்கும் தனிச் சோதனையே நம்பகமானது. பீட்டா தலசீமியாவில் மரபணு மிகச் சிறியது. அதை மட்டும் நேரடியாகப் படித்தால் போதும்.

ஊகம் தவறினால் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்துகொண்டே போவதில்தான் இதன் மறைமுகச் செலவு இருக்கிறது. மூன்று தனிச் சோதனைகள் ஒன்றும் சொல்லாத நிலையில் நான்காவதை எழுதுவதைவிட, பரந்த சோதனைக்கு மாறிவிடுவதே நல்லது.

## பேனல்

நோய்க்குறிகள் ஓர் உறுப்பையோ ஒரு நோய்த்தொகுப்பையோ தெளிவாகக் காட்டும்போது பேனல் சிறக்கிறது. பரம்பரை விழித்திரை நோய், இதயத்தசை நோய், மார்பக, சூலகப் புற்றுநோய்க் குடும்பங்கள் போன்றவை இதற்கு ஏற்றவை. ஒவ்வோர் இடத்தையும் பல நூறு தடவை படிப்பதால், உடலின் சில செல்களில் மட்டும் உள்ள மாற்றமும் கண்ணில் படும். நன்கு வடிவமைத்த பேனல், எக்ஸானிலிருந்து வெகுதொலைவில் இருந்தாலும் நோயோடு தொடர்பு உறுதியான இடங்களைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளும். பிறவியிலேயே பார்வையைப் பறிக்கும் ஒரு விழித்திரை நோயில், சி.இ.பி.290 மரபணுவின் இன்ட்ரானுக்குள் 1,655 எழுத்துகள் தள்ளி இருக்கும் ஒற்றை எழுத்து மாற்றம் அத்தகையது. எக்ஸோம் அங்கு எட்டிப் பார்ப்பதில்லை.

பேனலின் குறை, அதன் மரபணுப் பட்டியல் வடிவமைக்கப்பட்ட நாளிலேயே நின்றுவிடுவது. இங்கே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. பல ஆய்வகங்கள் இப்போது உள்ளே எக்ஸோம் முழுவதையும் படித்துவிட்டு, பட்டியலில் உள்ள மரபணுக்களை மட்டும் திறந்து பார்த்து அதையே பேனல் என்று தருகின்றன. அப்படியானால் பின்னர் மீண்டும் இரத்தம் எடுக்காமலே பட்டியலை விரிக்க முடியும். இரண்டின் விலையும் அருகருகே இருந்தால் இந்த வகையைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை.

## எக்ஸோம்

ஓர் எக்ஸோமில் மாதிரித் தொடரிலிருந்து வேறுபடும் இடங்கள் இருபதாயிரத்துக்கு மேல் கிடைக்கும். மக்களிடையே பரவலாக உள்ளவற்றை நீக்கினால் சில நூறு எஞ்சும். புரதத்தைக் கெடுக்கக்கூடியவை, குடும்பத்தில் நோய் வரும் முறைக்குப் பொருந்துபவை, நோய்க்குறிகளோடு ஒத்துப்போகும் மரபணுக்களில் உள்ளவை என்று சலித்துக்கொண்டே போனால் இறுதியில் விரல்விட்டு எண்ணக்கூடியவை நிற்கும். இந்தக் கடைசிப் படிக்கு எங்களுக்கு வேண்டிய தகவல் மருத்துவரின் பரிந்துரைத் தாளில் இருக்கிறது. அதில் "வளர்ச்சிக் குறைபாடு" என்று ஒற்றை வரி மட்டும் இருந்தால் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் வரிசையில் நிற்கும். "ஏழு மாதம் வரை இயல்பான வளர்ச்சி, பின் பின்னடைவு, பெரிய தலை, எம்.ஆர்.ஐ.யில் வெண்பகுதி மாற்றம்" என்று இருந்தால் அந்த வரிசை வெகுவாகச் சுருங்கிவிடும். ஒரு பைசா செலவில்லாத இந்த வரிகள் அளவுக்கு விடையை நெருங்கவைக்கும் மென்பொருள் எதையும் நான் கண்டதில்லை.

உறவுமுறைத் திருமணம் மிகுந்த தமிழ்நாட்டில் எக்ஸோமுக்குக் கூடுதலான ஒரு பயன் உண்டு. தாய்மாமனை மணந்த பெண்ணின் குழந்தைக்குச் சராசரியாக ஜீனோமில் எட்டில் ஒரு பங்கு, அத்தை மகனையோ மாமன் மகனையோ மணந்தவரின் குழந்தைக்குப் பதினாறில் ஒரு பங்கு, இரு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவையாக இருக்கும். அந்த நீண்ட ஒத்த பகுதிகளை எக்ஸோம் தரவிலேயே காண முடியும். இரு பிரதிகளும் பழுதானால் மட்டுமே வரும் ஒடுங்கு மரபுவழி நோய்க்கான சடுதிமாற்றத்தை அங்கே முதலில் தேடலாம். ஆனால் முதல் விடை கிடைத்ததும் நிறுத்திவிடக் கூடாது. 2017-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், எக்ஸோமில் விடை கிடைத்தவர்களில் சுமார் 5 விழுக்காட்டினருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மரபணு நோய்கள் இருந்தன.

உறவுத் திருமணம் இல்லாத, குடும்பத்தில் வேறு எவருக்கும் இல்லாத அறிவுவளர்ச்சிக் குறைபாடு என்றால் நிலைமை வேறு. ஒவ்வொரு மனிதரும் பெற்றோரிடம் இல்லாத ஏறத்தாழ 60, 70 புதிய மாற்றங்களோடு பிறக்கிறார். அவற்றில் எக்ஸானுக்குள் விழுவது ஒன்றோ இரண்டோதான். பெற்றோர் இருவரின் எக்ஸோமும் கையில் இருந்தால் அந்த ஒன்றிரண்டு உடனே தனித்துத் தெரியும். குழந்தையின் தரவு மட்டும் இருந்தால் அது சில நூறு அரிய மாறுபாடுகளுக்குள் மறைந்து கிடக்கும். 37 ஆய்வுகளையும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்த 2018-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு ஒன்றில், குழந்தை, தாய், தந்தை மூவரின் மாதிரியும் எடுத்தபோது விடை கிடைப்பதற்கான சாதக விகிதம் (விடை கிடைத்தோருக்கும் கிடைக்காதோருக்கும் உள்ள விகிதம்) குழந்தையை மட்டும் சோதித்ததைப் போல இரு மடங்காக இருந்தது. அதே ஆய்வில் எக்ஸோம் 36 விழுக்காட்டினருக்கும் ஜீனோம் 41 விழுக்காட்டினருக்கும் விடை தந்தன. ஒரே குழுவில் இரண்டையும் ஒப்பிட்டபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. கையில் இருக்கும் பணம் குழந்தைக்கு மட்டும் ஜீனோம் எடுக்கவோ, மூவருக்கும் எக்ஸோம் எடுக்கவோ போதும் என்றால், நான் தயங்காமல் இரண்டாவதையே சொல்வேன்.

எக்ஸோம் எங்கே தடுக்கி விழும் என்பதற்குத் தெற்காசியாவிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். இதயத்தசை நோயோடு தொடர்புடைய எம்.ஒய்.பி.பி.சி.3 மரபணுவின் ஓர் இன்ட்ரானில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது தெற்காசியர்களில் சுமார் 4 விழுக்காட்டினரிடம் காணப்படுகிறது என்று, ஹைதராபாத்தின் செல், மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையமான சி.சி.எம்.பி., மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்களும் பங்கேற்ற 2009-ஆம் ஆண்டு ஆய்வு சொன்னது. இவ்வளவு பரவலாக இருப்பதாலேயே, அரிய மாறுபாடுகளை மட்டும் வைத்துக்கொள்ளும் சல்லடை இதை முதல் படியிலேயே தள்ளிவிடும். 2020-இல் வந்த மற்றோர் ஆய்வு இன்னும் நுணுக்கமான ஒன்றைக் காட்டியது. அந்த நீக்கம் உள்ளவர்களில் சிலரிடம், அதே குரோமோசோமில், அதே மரபணுவின் வேறோர் எக்ஸானின் விளிம்பிலிருந்து 52 எழுத்துகள் இன்ட்ரானுக்குள் ஓர் ஒற்றை எழுத்து மாற்றமும் இருக்கிறது. தடித்த இதயத்தசை நோய்க்கு நீக்கத்தின் மீது சுமத்தப்பட்ட ஆபத்தின் பெரும்பகுதி உண்மையில் இந்த மாற்றத்தினுடையது. இது அரியது, ஆனால் எக்ஸான் விளிம்பிலிருந்து பத்து, இருபது எழுத்துகளோடு பார்வையை நிறுத்திக்கொள்ளும் ஆய்வகத்தில் இதுவும் விழுந்துவிடும். ஒன்று பரவல் காரணமாக, மற்றொன்று இடம் காரணமாக. இதய நோய்க்கு எக்ஸோமோ பேனலோ எடுக்கும் தமிழ்க் குடும்பம், இவ்விரு இடங்களும் பார்க்கப்பட்டனவா என்று கேட்பதில் தவறே இல்லை.

அறிக்கையில் "சராசரி 100 தடவை" என்று இருப்பதை மட்டும் பார்த்து நிறைவடையவும் கூடாது. சராசரி நன்றாக இருக்கும்போதே, ஜி, சி எழுத்துகள் மிகுந்த முதல் எக்ஸான்கள் சரியாகப் படிக்கப்படாமல் இருக்கலாம். இலக்குப் பகுதியில் எத்தனை விழுக்காடு குறைந்தது 20 தடவை படிக்கப்பட்டது, ஐயப்படும் மரபணுவில் அது எவ்வளவு என்பதைக் கேட்க வேண்டும். 16,569 எழுத்துகள் கொண்ட மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. பல எக்ஸோம் தொகுப்புகளில் சேர்க்கப்படுவதில்லை என்பதையும் சேர்த்துக் கேட்பது நல்லது.

## முழு ஜீனோம்

ஒருவரின் ஜீனோமில் 40 முதல் 50 லட்சம் மாறுபாடுகள் கிடைக்கும். நீக்கங்களின் துல்லியமான எல்லைகள், குரோமோசோம் இடமாற்றங்கள், மைட்டோகாண்ட்ரியா, தனி நிரல்களின் உதவியோடு மீள்தொடர்களும் எஸ்.எம்.என்.1 பிரதிகளும் கூட ஒரே மாதிரியிலிருந்து தெரியவரும். தீவிர சிகிச்சைப் பிரிவில் காரணம் தெரியாமல் போராடும் பச்சிளங்குழந்தைக்கு, விரைவு ஜீனோமே மிகச் சிறந்த தேர்வு. அங்கே ஒவ்வொரு சோதனையாக ஏறிச் செல்ல நேரம் இல்லை. மூவர் எக்ஸோம் கவனமாக மறுஆய்வு செய்யப்பட்ட பின்னும் விடை வராத, ஆனால் பரம்பரை நோய் என்பதில் ஐயமற்ற குடும்பங்களும் ஜீனோமுக்கு உரியவை.

2024-இல் வெளியான ஆர்.என்.யு.4-2 கண்டுபிடிப்பு ஜீனோமின் பெருமைக்குச் சான்று. புரதமே உருவாக்காத, வெறும் 141 எழுத்துகள் கொண்ட இந்த மரபணுவில் ஏற்படும் புதிய மாற்றங்கள், பெரும்பாலும் ஒரே ஓர் எழுத்து கூடுதலாக நுழைவது, நரம்பு வளர்ச்சிக் குறைபாடு உடையவர்களில் சுமார் 0.4 விழுக்காட்டினருக்குக் காரணம் என்று தெரியவந்தது. ஒற்றை மரபணு ஒன்றுக்கு இது மிகப் பெரிய பங்கு. எக்ஸோம்கள் அந்த இடத்தைப் படிக்காததால்தான் இத்தனை ஆண்டுகள் மறைந்திருந்தது. பிரிட்டனின் முழு ஜீனோம் தரவுகளே அதை வெளிக்கொணர்ந்தன. ஆனால் இதிலிருந்து "எல்லோரும் ஜீனோம் எடுங்கள்" என்ற முடிவு வராது. கண்டுபிடித்த பின் அந்த 141 எழுத்துகளை மட்டும் தனியாகப் படித்துவிடலாம். பெருந்தரவு கண்டுபிடிப்பதற்கு வேண்டும். கண்டுபிடித்ததைக் குடும்பத்துக்குக் கொண்டுவரப் பல சமயம் சிறு சோதனையே போதும்.

ஜீனோமின் உண்மையான சுமை பொருள்கொள்ளலில் இருக்கிறது. எக்ஸானுக்கு வெளியே கிடைக்கும் லட்சக்கணக்கான மாறுபாடுகளில் எது தீங்கானது என்று சொல்லும் சான்றுகள் இன்றும் குறைவு. ஜீனோம் எடுத்துவிட்டு எக்ஸான்களை மட்டும் பார்த்து அறிக்கை தருவதும் நடக்கிறது. எதையெல்லாம் பார்த்தார்கள் என்பது அறிக்கையில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

## பட்டியலில் எழுதப்படாதவை

ஏ.சி.எம்.ஜி. என்ற அமெரிக்க மருத்துவ மரபியல் அமைப்பின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் ஒவ்வொரு மாறுபாட்டையும் தீங்கற்றது முதல் நோய்க்குக் காரணமானது வரை ஐந்து வகைகளில் ஒன்றில் வைக்கிறது. நடுவில் இருப்பது "பொருள் உறுதியாகாத மாறுபாடு". குடும்பங்களை மிகவும் அலைக்கழிப்பது இதுதான். இதை நோய்க்குக் காரணம் என்று எடுத்துக்கொண்டு கருவைப் பற்றி முடிவெடுப்பது பெருந்தவறு. கணினிக் கணிப்புகள் இதைத் தீர்த்துவிடும் என்றும் நம்ப வேண்டாம். 2023-இல் வந்த ஆல்ஃபாமிஸென்ஸ் என்ற கணிப்புக் கருவி 7.1 கோடி எழுத்து மாற்றங்களில் 89 விழுக்காட்டை வகைப்படுத்தியது உண்மை. ஆனால் 2015 வழிகாட்டுதல் கணினிக் கணிப்பைத் துணைச் சான்றாகவே வைத்தது, அந்த எச்சரிக்கை நியாயமானது. பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் சோதித்துப் பார்ப்பதே பெரும்பாலும் பயன் தரும் அடுத்த படி. அந்தச் செலவை முதலிலேயே கணக்கில் வைக்க வேண்டும்.

நம் மக்களுக்கு இந்த நடுவகை அதிகமாக வருவதற்கு ஒரு காரணம், ஒப்பிட்டுப் பார்க்கும் தரவுத்தளங்களில் நம் பங்கு சிறியது என்பது. 263 தெற்காசியக் குழுக்களை ஆராய்ந்த 2017-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, அவற்றில் 81 குழுக்கள் ஃபின்லாந்து மக்களைவிடவும் அஷ்கெனாசி யூதர்களைவிடவும் வலுவான மூதாதைக் குறுக்கத்தை (சில மூதாதையரிடமிருந்து மட்டுமே பெருகிய நிலையை) கடந்து வந்தவை என்று காட்டியது. அத்தகைய குழுவில் பரவலாக இருக்கும் தீங்கற்ற மாற்றம் உலகத் தரவுத்தளத்தில் அரியதாகத் தோன்றி, ஐயத்துக்கு உள்ளாகும். 1,029 இந்தியர்களின் இண்டிஜீனோம் தொகுப்பும், பத்தாயிரம் பேரின் ஜீனோம் இந்தியா தொகுப்பும் இந்த இடைவெளியைக் குறைத்து வருகின்றன. உங்கள் ஆய்வகம் அவற்றோடும் ஒப்பிடுகிறதா என்று கேளுங்கள்.

எக்ஸோமும் ஜீனோமும் தேடாத ஒன்றையும் கொண்டுவந்து நிறுத்தலாம்: குழந்தையின் வலிப்புக்காகச் செய்த சோதனையில், தாய்க்கு மார்பகப் புற்றுநோய் ஆபத்து உண்டு என்பது போல. ஏ.சி.எம்.ஜி. 2013-இல் 56 மரபணுக்களுக்கு இத்தகைய முடிவுகளைத் தெரிவிக்கப் பரிந்துரைத்தது. 2023-இல் அது 81 ஆனது. அறிய வேண்டுமா, வேண்டாமா என்பதைக் கையெழுத்திடும் முன்பே குடும்பம் பேசி முடிவெடுக்க வேண்டும்.

இன்னொன்று மறுஆய்வு. விடை வராத எக்ஸோம் தரவை ஓரிரு ஆண்டுகள் கழித்துத் திரும்பப் பார்த்தால் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குப் புதிதாக விடை கிடைக்கிறது; தரவு அதுவே, மாறியது அறிவு. எனவே அறிக்கையோடு மூலத் தரவுக் கோப்புகளையும் கேட்டு வாங்கி, எந்த மாதிரித் தொடர்ப் பதிப்பில் ஆய்வு நடந்தது என்பதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் மறுஆய்வு இலவசமா என்பதைப் பணம் கட்டும் முன்பே கேட்க வேண்டும்.

## அடுத்த கர்ப்பம் காத்திருக்கும்போது

இந்த நிலையில் இருப்பவர்களுக்காகத் தனியாக எழுதுகிறேன், ஏனெனில் தாமதத்தால் வாய்ப்பை இழப்பவர்கள் இவர்களே. நோயுற்ற குழந்தையின் சடுதிமாற்றம் உறுதியாகத் தெரிந்தால்தான் வயிற்றில் உள்ள கருவைச் சோதிக்க முடியும். நச்சுக்கொடித் திசுவை ஏறத்தாழ 11 முதல் 13 வாரத்திலும் பனிக்குட நீரை 15 வாரத்துக்குப் பின்னும் எடுக்கலாம். இவற்றை, கருவின் பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற மையங்களில் மட்டுமே செய்ய வேண்டும். கருத்தரித்த பின் எக்ஸோமைத் தொடங்கினால் இந்தக் காலவரையோடு ஓட வேண்டியிருக்கும்; கருத்தரிப்பதற்கு முன்பே தொடங்கிவிடுவது நல்லது. குழந்தை உயிரோடு இல்லை, இரத்த மாதிரியும் இல்லை என்றால், பெற்றோர் இருவருக்கும் எக்ஸோம் எடுத்து, இருவரும் ஒரே மரபணுவில் சடுதிமாற்றத்தைச் சுமக்கிறார்களா என்று பார்க்கும் வழி உண்டு. ஆனால் அங்கே விடை ஊகத்தோடு நிற்கக்கூடும், ஒப்பிட்டு உறுதிசெய்யக் குழந்தையின் டி.என்.ஏ. இருக்காது. ஆகவே மோசமான நிலையில் இருக்கும் குழந்தைக்கு எந்தச் சோதனை என்று முடிவாகாதபோதும், சோதனைக்கு உடனடியாகப் பணம் இல்லாதபோதும், இரண்டு மூன்று மில்லி இரத்தத்தை, அது உறையாமல் வைக்கும் இ.டி.டி.ஏ. குழாயில் எடுத்து டி.என்.ஏ.வைப் பிரித்துச் சேமித்து வைக்குமாறு மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பேனலா, எக்ஸோமா, ஜீனோமா என்பதைப் பிறகு முடிவு செய்யலாம்.